வேறு விதமாக எழுதிப் பழகியவர்கள்: ஆய்வெழுத்தும் பண்பாடும்

கேள்வி, ஜனவரி 8

பல நாடுகளிலிருந்து வந்து முதுகலை படிக்கும் மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லித்தருகிறேன். எல்லோரும் ஆங்கிலத் தேர்வில் நன்றாகத் தேறியவர்கள்தான், இலக்கணப் பிழையும் குறைவு. ஆனால் கட்டுரையைக் கையில் எடுத்தால் மூன்றாம் பக்கம் வரை என்ன சொல்ல வருகிறார்கள் என்றே தெரியவில்லை. பெரியவர்களின் கருத்துகளை அடுக்குகிறார்கள், யாரையும் மறுப்பதில்லை, தங்கள் நிலைப்பாட்டைக் கடைசிப் பத்தியில் மெல்லச் சொல்கிறார்கள். சில பண்பாடுகளில் தர்க்கமாக எழுதும் வழக்கமே கிடையாது என்கிறார் என் சக ஆசிரியர். அது சரியா?

பதில், ஜனவரி 8, இரவு

சரியில்லை. தர்க்கம் இல்லாத பண்பாடு என்று ஒன்று கிடையாது. தர்க்கத்தைக் கட்டுரையில் எந்த இடத்தில் வைப்பது, எவ்வளவு வெளியே காட்டுவது, எதை வாசிப்பவர் தாமே பிடித்துக்கொள்வார் என்று விடுவது ஆகியவற்றில்தான் வேறுபாடு.

உங்கள் சக ஆசிரியர் சொன்ன கருத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1966இல் ராபர்ட் காப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர் 'லாங்குவேஜ் லேர்னிங்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஐந்து சின்னக் கோட்டுப்படங்கள். ஆங்கிலத்துக்கு ஒரு நேர்கோடு. அரபு, ஹீப்ரு போன்ற செமித்திய மொழிகளுக்கு முன்னும் பின்னும் போகும் இணைகோடுகள். 'கீழைத்தேய' எழுத்துக்குச் சுருள். பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்ற ரோமானிய மொழிகளுக்கும் ரஷ்ய மொழிக்கும் ஒடிந்து ஒடிந்து போகும் கோடுகள். தமிழுக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை, ஆப்பிரிக்க மொழிகளுக்கும் இல்லை. ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் இன்றும் அந்தப் படத்தைத் திரையில் காட்டுகிறார்கள்.

அவர் பார்த்தது மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளை. அதிலிருந்து அவர்களுடைய தாய்மொழிகளின் சிந்தனைப் போக்கை ஊகித்தார். அங்கேதான் சிக்கல். இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் சுற்றி வளைப்பதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கும். சொல் கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கலாம். பாடமே இன்னும் பிடிபடாமல் இருக்கலாம். கேள்வி என்ன கேட்கிறது என்பதே புரியாமல் இருக்கலாம். 1987இல் காப்லானே தன் வாதத்தை அன்று மிகைப்படுத்திவிட்டதாக எழுதினார். படம் பரவிய அளவுக்கு அந்தத் திருத்தம் பரவவில்லை.

ஜனவரி 9

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, காப்லானை ஒரேயடியாகத் தள்ளுகிறீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அவர் செய்த நல்ல காரியம் பெரியது. வாக்கியத்தைத் திருத்தினால் போதும், கட்டுரை தானாகச் சரியாகிவிடும் என்று ஆசிரியர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பத்தியும் அதற்கு மேலான கட்டமைப்பும் கற்றுத்தர வேண்டியவை, அவை எல்லோருக்கும் ஒன்றுபோல் இயல்பாக வந்துவிடுவதில்லை என்று சொன்னவர் அவர். அதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பிடித்துக்கொண்டதுதான் கெடுதல்.

ஜனவரி 9, பிறகு

கேள்வி கேட்டவருக்கு ஒரு சின்ன யோசனை. அடுத்த வகுப்பில், அவரவர் தாய்மொழியில் முன்பு நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு கட்டுரையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது ஏன் மதிப்பெண் வாங்கியது என்று அவர்களையே விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த மொழியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஜனவரி 12

சரி, வேறுபாடுகளுக்கு வருவோம். அவை இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஜான் ஹைண்ட்ஸ் என்ற மொழியியலாளர் 1987இல் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: எழுத்து புரிய வேண்டியது யாருடைய பொறுப்பு? ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் எழுதுபவரின் பொறுப்பு. வாசகர் தடுமாறினால் குற்றம் எழுதியவர் மேல். ஜப்பானிய எழுத்தில் அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு வாசகருடையது என்றார் அவர். எல்லாவற்றையும் உடைத்துச் சொல்வது வாசகரின் அறிவைக் குறைத்து மதிப்பதாகிவிடும். இந்தக் கேள்வி எனக்கு வகுப்பில் மிகவும் உதவியிருக்கிறது. 'இந்தப் பத்திக்கும் அந்தப் பத்திக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்டால், மாணவர் வாய்மொழியாக அழகாகச் சொல்லிவிடுகிறார். 'அதை ஏன் எழுதவில்லை?' என்றால், 'அது உங்களுக்கே தெரியுமே' என்கிறார். அவர் எனக்கு மரியாதை கொடுத்து விட்ட இடைவெளியை நான் குழப்பம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன்.

ஜப்பானில் கி-ஷோ-டென்-கெட்சு என்று ஓர் அமைப்பு உண்டு. தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு. சீனக் கவிதை மரபிலிருந்து வந்தது, கொரியாவிலும் இருக்கிறது. மூன்றாம் பகுதி சம்பந்தமில்லாதது போன்ற ஒன்றுக்குத் திரும்பும், நான்காவதில் எல்லாம் சேரும். அந்த மூன்றாம் பகுதியின் ஓரத்தில்தான் ஆங்கில வழி ஆசிரியர் 'தொடர்பில்லை' என்று சிவப்பில் எழுதுகிறார்.

இது ஆசியாவோடு முடிகிற விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சுப் பள்ளிகளில் 'டிஸெர்தாசியோன்' என்ற கட்டுரை வகையைப் பழக்குகிறார்கள். முன்னுரையில் சிக்கலைக் கேள்வியாக நிறுத்த வேண்டும். பிறகு ஒரு பக்கம், அதற்கு எதிர்ப்பக்கம், கடைசியில் இரண்டையும் தாண்டிய ஒரு நிலை. இப்படிப் படித்து வந்த ஒரு மாணவரிடம் முதல் பத்தியிலேயே உங்கள் முடிவைச் சொல்லுங்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. யோசிக்கும் முன்பே தீர்ப்பு எழுதச் சொல்வதாக அவருக்குப் பட்டது. அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஜெர்மன் கதையும் உண்டு. ஆய்வு நூலின் நடுவே ஒரு பின்னணிக்கோ கோட்பாட்டு விவாதத்துக்கோ தனிப்பகுதி ஒதுக்கி விலகிப் போய்விட்டுத் திரும்புவது அங்கே குற்றமில்லை என்று மைக்கேல் கிளைன் 1987இல் விரிவாகக் காட்டினார். 1973இல் ஜெர்மன் மொழியில் வந்து பாராட்டுப் பெற்ற ஒரு சமூகமொழியியல் நூல், 1976இல் ஆங்கிலத்தில் வந்தபோது ஒழுங்கில்லாதது என்று விமர்சிக்கப்பட்டதை அவர் எடுத்துக்காட்டுகிறார். அதே நூல், அதே தர்க்கம்.

ஜனவரி 13

'அப்படியானால் பண்பாடுதான் காரணம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களே' என்று கேட்டு வந்திருக்கும் பதிலுக்கு.

அவ்வளவு வேகமாக வேண்டாம். ஹைண்ட்ஸ் எடுத்துக்கொண்ட ஜப்பானிய உதாரணங்களில் பெரும்பங்கு ஒரு நாளிதழின் பத்தி எழுத்து. அது தனக்கென்று ஒரு நடை கொண்டது, ஜப்பானிய ஆய்வெழுத்துக்கு அதை எப்படி மாதிரியாகக் கொள்வது என்று ரியூகோ குபோடா கேட்டார். ஜப்பானிய எழுத்துக் கையேடுகளிலேயே கருத்தை முதலில் சொல்லுங்கள் என்ற அறிவுரை இருக்கிறது. ஒரு மொழியின் ஒரு வகை எழுத்தை எடுத்துவைத்துக்கொண்டு அந்த மக்களின் மனமே இப்படி என்று சொல்லிவிட முடியாது.

சீன மாணவர்களைப் பற்றிப் பேசினால் உடனே எட்டுக்கால் கட்டுரை என்ற பழைய அரசுத் தேர்வு வடிவத்தை யாராவது இழுத்துவிடுகிறார்கள். அந்தத் தேர்வு முறை 1905இலேயே போய்விட்டது. இன்றைய மாணவரின் தாத்தாகூட அதை எழுதியிருக்க மாட்டார். 1985இல் பெர்னார்ட் மோகன், வின்னி லோ இருவரும் எழுதிய கட்டுரையை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். சீன மொழிக் கட்டுரைப் பாடநூல்களும் நேரடியாக எழுதச் சொல்கின்றன என்று காட்டிவிட்டு, ஹாங்காங்கில் ஆங்கில வகுப்புகள் எதை வலியுறுத்தின என்று பார்த்தார்கள். வாக்கியத் திருத்தத்துக்கே நேரமெல்லாம் போயிருந்தது. கட்டுரையை ஒழுங்குபடுத்த யாரும் கற்றுத்தரவில்லை.

என் அனுபவமும் அதுதான். பண்பாடு என்று நாம் பெயர் வைக்கும் பலவற்றைத் தோண்டிப் பார்த்தால் கீழே ஒரு தேர்வு இருக்கிறது. எது மதிப்பெண் பெற்றுத் தந்ததோ அதை மாணவர் கையில் கொண்டுவருகிறார்.

ஜனவரி 17

மேற்கோள் பற்றி. இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, அதனால் நீளமாகப் போகும்.

அலஸ்டர் பென்னிகுக் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில் சீனாவில் படித்த மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். ஆபிரகாம் லிங்கன் பற்றி அந்த மாணவர் எழுதியது சந்தேகத்துக்கு இடமாகத் தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டால், பள்ளியில் மனப்பாடம் செய்த பகுதியை அவர் நினைவிலிருந்து எழுதியிருக்கிறார். திருட்டு என்று சட்டென்று முத்திரை குத்த பென்னிகுக்குக்கு மனம் வரவில்லை. ஒரு பிரதியை முழுதாக உள்ளே வாங்கி வைத்திருப்பதும் ஒருவகைக் கற்றல்தானே என்று யோசிக்கிறார்.

நமக்கு இது விளங்கும். 'முன்னோர் மொழி பொருளே அன்றி அவர் மொழியும் பொன்னே போல் போற்றுவம்' என்பது நன்னூல் பாயிரத்தில் படிக்கிற வரி. பெரியவர் சொன்னதை என் குறை மொழியில் மாற்றி எழுதுவதைவிட அவர் சொன்னபடியே தருவது பணிவு. ஆய்வெழுத்தில் அதே செயல் மேற்கோள்குறி இல்லாவிட்டால் குற்றமாகிறது. இரண்டும் இரண்டு ஒழுக்கங்கள், இரண்டிலும் நேர்மை இருக்கிறது. இதை மாணவரிடம் சொல்லிவிட்டுப் பிறகு விதியைச் சொன்னால் அவர் தலை குனிவதில்லை, கேட்டுக்கொள்கிறார்.

இன்னொரு நிலை இருக்கிறது. மூலத்தின் வாக்கியத்தை எடுத்து, அங்கங்கே சொல்லை மாற்றி, ஒட்டுப்போட்டு எழுதுவது. ரெபெக்கா மூர் ஹவர்டு 1990களில் இதைப் பற்றி எழுதினார். புதிய துறைக்குள் வருகிற யாரும் கடந்துபோகும் கட்டம் அது, தண்டிப்பதைவிடக் கற்றுத்தர வேண்டிய இடம் என்றார். இதில் பண்பாட்டை இழுப்பதே தேவையில்லை. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட முதலாண்டு மாணவர்களும் இதையே செய்கிறார்கள், அவர்களிடம் யாரும் 'உங்கள் பண்பாட்டில் இப்படியா' என்று கேட்பதில்லை. இந்தப் பாரபட்சம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒப்புமை காட்டும் மென்பொருள் ஒரு விழுக்காட்டைக் கொடுக்கிறது, அயல்பெயர் கொண்ட மாணவரின் தாளில் அந்த எண்ணை வேறு கண்ணோடு பார்க்கிறார்கள். நான் இருந்த குழுக்களிலேயே பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 17, இன்னும் ஒன்று

மனப்பாடக் கல்வியை ஆதரிக்கிறீர்களா என்று கேட்க வேண்டாம். மூலம் சொல்லாமல் எழுதினால் பட்டம் போகும், இதழ் கட்டுரையைத் திரும்பப் பெறும். அதை முதல் வாரத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு பிடிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஜனவரி 21

'யாரையும் மறுப்பதில்லை' என்று கேள்வியில் இருந்ததே, அதைப் பற்றி.

மறுத்து எழுதும் மரபு மேற்கில்தான் உண்டு என்று நம்மவர்களே நம்புவது வருத்தமாக இருக்கிறது. நூல் செய்பவர் கொள்ளும் நிலைகளாக எழுவகை மதங்களை நன்னூல் சொல்கிறது. உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்பு களைதல், தான் ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தல், இருவர் மாறுபடும்போது ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறரோடு ஒட்டாமல் தன் கருத்தைக் கொள்ளுதல். முந்தைய ஆய்வுகளை விவாதிக்கும் அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்குமா? பத்துக் குற்றங்களில் மற்றொன்று விரித்தலும் மிகைபடக் கூறலும் இருக்கின்றன. வேண்டாததை விரிப்பதை நம் இலக்கணமே பிழை என்றுதான் சொல்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முந்தைய உரையாசிரியரான இளம்பூரணரை இடம் சுட்டி, காரணம் காட்டி மறுக்கிறார். இன்றைய இதழின் மதிப்பீட்டாளர்கூட அவ்வளவு விடாப்பிடியாக இருக்க மாட்டார்.

அப்படியானால் மாணவர் ஏன் மறுப்பதில்லை? என்னிடம் வந்த ஒரு ஆய்வு மாணவி தன் துறையின் முக்கிய நூல் ஒன்றின் குறையை மிகச் சரியாகப் பிடித்திருந்தார். பேச்சில் பளிச்சென்று சொன்னார். கட்டுரையில் அது இல்லை. கேட்டதற்கு, 'அவரை மறுக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அதற்குப் பட்டம் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்றிருந்தேன்' என்றார். ஆங்கில வழி ஆய்வில் அந்த மறுப்பைக் காட்டினால்தான் பட்டமே என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மறுக்கும் அறிவு அவரிடம் இருந்தது. எந்த வயதில், எந்தப் படியில் அந்த உரிமை கிடைக்கிறது என்பதில்தான் அவருடைய கணக்கு வேறாக இருந்தது.

அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: முதலில் அந்த நூலால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று உண்மையாக எழுதுங்கள், அடுத்த வாக்கியத்தில் அது எட்டாத இடத்தைச் சொல்லுங்கள். அந்த வரிசையில் அவரால் எழுத முடிந்தது.

ஜனவரி 22

ஒருவர் நன்னூலைத் தற்பெருமைக்காக இழுப்பதாகச் சொல்கிறார். பெருமைக்காக எழுதவில்லை. மாணவர்களில் யாரேனும் தங்கள் மரபில் வாதமே இல்லை என்று நம்பிக்கொண்டு வந்தால், அந்த நம்பிக்கையே அவர்கள் கையைக் கட்டிவிடுகிறது. அரபு மொழியிலும் சமஸ்கிருதத்திலும் ஹீப்ருவிலும் எதிர்த்தரப்பின் கருத்தை எடுத்துச் சொல்லி மறுக்கும் உரை மரபுகள் உண்டு. அவரவருக்கு அவரவருடையதை நினைவூட்டலாம்.

ஜனவரி 26

முன்னுரை பற்றித் தனியே கேட்டிருக்கிறார்கள். ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் தந்த மாதிரியை எல்லோரும் சொல்லித்தருகிறார்கள்: களத்தைக் காட்டு, அதில் இதுவரை யாரும் தொடாத இடைவெளியைக் காட்டு, அதை நான் நிரப்புகிறேன் என்று சொல். ஸ்வீடிஷ் மொழியில் வந்த கட்டுரைகளையும் மலாய் மொழியில் வந்தவற்றையும் ஆராய்ந்தவர்கள், நடுவில் உள்ள இடைவெளிப் படி அங்கே பலமாக இல்லை என்று கண்டார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்குப் பிடித்தது. ஆய்வுச் சமூகம் சிறியது, இடத்துக்குப் போட்டி குறைவு. எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த இடத்தில் 'யாரும் செய்யாததை நான் செய்தேன்' என்று முழங்கத் தேவையில்லை. ஸ்வீடனை யாரும் 'கீழைத்தேயம்' என்று சொல்வதில்லையே.

பொருள் வசதியும் இதில் சேரும். சுரேஷ் கனகராஜா 2002இல் வெளியிட்ட நூலில், போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்து எழுதியவர்களின் நிலையை விவரிக்கிறார். தாளுக்கே தட்டுப்பாடு, புதிய இதழ்கள் வந்து சேராது. அங்கிருந்து போகும் கட்டுரையின் மேற்கோள் பட்டியல் பழையதாக இருந்தால், தொலைவில் இருந்து பார்க்கும் மதிப்பீட்டாளர் என்ன நினைப்பார்? இவருக்கு ஆய்வு மரபு தெரியவில்லை என்றுதான். பழைய மேற்கோள்களோடு வரும் மாணவரிடம் நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, 'நீங்கள் படித்த இடத்தில் நூலகத்தில் என்ன இருந்தது?' என்பதைத்தான்.

ஜனவரி 27

இதழ்க் கட்டுரையின் இன்றைய உருவமே புதியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் 1665இல் தொடங்கியது. தொடக்க காலத்துக் கட்டுரைகளில் பல, நண்பருக்கு எழுதும் கடிதம்போல் நடந்ததை நடந்தபடி சொல்பவை. முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதி அமைப்பு முன்னணி மருத்துவ இதழ்களில் 1940களில் தலைகாட்டி, 1980களில்தான் ஒரே வடிவமாக நிலைத்தது. மாணவர்கள் இதைக் கேட்டதும் ஆசுவாசப்படுகிறார்கள். தங்களுக்கு மட்டும் அந்நியமான இயற்கை விதி என்று நினைத்திருந்ததை, ஒரு காலத்தில் எல்லோரும் கற்றுக்கொண்ட ஏற்பாடு என்று பார்க்க முடிகிறது.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். பழைய கட்டுரைகளைக் கொண்டுவரச் சொன்னாராம். ஒரு மாணவரின் பழைய கட்டுரை தொடக்கத்தில் ஒரு பொன்மொழி, முடிவில் நாட்டுக்கு ஓர் அறைகூவல். இன்னொருவருடையதில் மூன்று பக்கம் வரலாற்றுப் பின்னணி, ஏனென்றால் அடிப்படை தெரிந்தவர் என்று காட்டினால்தான் அங்கே மதிப்பெண். 'இப்போது எனக்கு எழுதித்தந்ததும் இதே அமைப்புதான், நான்தான் பார்க்கவில்லை' என்கிறார். மகிழ்ச்சி. இனி ஓரக்குறிப்பில் 'தெளிவில்லை' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 'உங்கள் முடிவு இந்தப் பத்தியின் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது, அதை முதலில் வையுங்கள், இங்கே வாசகர் அதைத்தான் முதலில் தேடுவார்' என்று எழுதுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் மாணவர் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது என் முதல் அத்தியாயத்தின் ஓரத்தில் 'அதனால் என்ன?' என்று மட்டும் எழுதித் திருப்பினார்கள். பல நாள் மனம் ஆறவில்லை. இந்த ஆய்வால் யாருக்கு என்ன மாறுகிறது என்பதைச் சொல்லச் சொல்லும் சாதாரணக் கேள்விதான் அது. இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்து எழுதியிருந்தால் அன்றே விளங்கியிருக்கும்.

பிப்ரவரி 3

உறுதியாகச் சொல்வதும் தயங்கிச் சொல்வதும் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. கென் ஹைலண்டும் ஜான் மில்டனும் 1997இல் ஹாங்காங் மாணவர்களின் கட்டுரைகளைப் பிரிட்டிஷ் மாணவர்களுடையதோடு ஒப்பிட்டார்கள். ஹாங்காங் மாணவர்கள் கூடுதல் உறுதியோடு, குறைவான சொல்வகைகளை வைத்து எழுதியிருந்தார்கள். கீழைத்தேய மாணவர்கள் பணிந்து மழுப்புவார்கள் என்ற பொதுக் கருத்துக்கு இது நேர் எதிர். 'இருக்கலாம்', 'என்று தோன்றுகிறது', 'இந்தத் தரவைப் பொறுத்தவரை' போன்றவற்றைத் தனிப் பாடமாகவே நடத்துங்கள்.

பிப்ரவரி 6

கடைசியாக வந்த கேள்வி கனமானது: 'அப்படியானால் மாணவரைத் தன் வழியிலேயே எழுத விடலாமே, ஏன் மாற்ற வேண்டும்?'

விட மாட்டேன். அவர் கட்டுரையை மதிப்பிடப்போகிறவர் நான் மட்டும் இல்லை. வெளித்தேர்வாளர், இதழாசிரியர், நிதி தருபவர் எல்லோரும் முதல் பக்கத்தில் முடிவைத் தேடுவார்கள். அதைக் கற்றுத்தராமல் 'உங்கள் பண்பாட்டை மதிக்கிறேன்' என்று தட்டிக்கொடுத்து அனுப்பினால், பாதிப்பு முழுவதும் அவருக்குத்தான். ஃபான் ஷென் என்பவர் 1989இல் எழுதியதை நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன். சீனத்தில் 'நான்' என்று முன்னே நிற்கக் கூடாது என்று வளர்ந்தவர். ஆங்கில வகுப்பில் 'நீங்கள் நீங்களாகவே எழுதுங்கள்' என்றார்கள். எழுதுவதற்காக ஓர் ஆங்கில 'நானை' உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது என்கிறார். பழையதைத் தொலைக்காமல் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டதாகத்தான் அவர் அதைச் சொல்கிறார்.

கற்றுத்தருகிறேன், ஆனால் உங்கள் சிந்தனையில் கோளாறு என்று சொல்லித் தொடங்குவதில்லை. மதிப்பெண் திட்டத்திலும் 'தர்க்கம்' என்று ஒரே பெட்டி வைக்காமல், 'முக்கிய வாதம் முதல் பக்கத்தில் இருக்கிறதா', 'பத்திகளின் தொடர்பு எழுத்தில் காட்டப்பட்டிருக்கிறதா', 'மாற்றுக் கருத்துக்கு விடை இருக்கிறதா' என்று பிரித்துப் போட்டுவிட்டேன். அந்தத் தாளை முதல் வகுப்பிலேயே கொடுத்துவிடுகிறேன். வேண்டுபவர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம், மாற்ற வேண்டியது இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.